பித்தப்பை ஆபரேஷன்: நோயாளிகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பித்தப்பையில் கற்கள்' என்ற வரியைப் பார்த்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். உடனே எடுத்துவிடச் சொல்வார் ஒருவர், ஜூஸ் குடித்தே கரைத்துவிடலாம் என்பார் இன்னொருவர். ஓ.பி.யிலும் வார்டிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. மயக்க மருந்து, பட்டினி, நடை, காயம் பற்றிச் சொல்லியிருப்பவை குடல்வால், குடலிறக்க ஆபரேஷன்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். குடலை வெட்டி இணைத்தவர்களுக்குச் சாப்பாட்டு விதி வேறு. அவர்கள் தங்கள் டாக்டர் சொன்னதை மட்டும் பின்பற்றட்டும்.

பித்தப்பை என்பது என்ன? அதை எடுத்துவிட்டால் எப்படி வாழ முடியும்?

கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை அது. நீளம் 7 முதல் 10 செ.மீ. கொள்ளளவு 30 முதல் 50 மி.லி. வரை. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கிறது. பை அதை வாங்கி, கெட்டியாக்கி, கொழுப்புள்ள சாப்பாடு வயிற்றுக்குள் போகும்போது குடலுக்குள் பீய்ச்சுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

பையை எடுத்த பிறகும் கல்லீரல் அதே அளவு பித்தநீரைச் சுரக்கும். சேமித்து வைக்க இடம் இல்லாததால் அது குழாய் வழியாக நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலோருக்கு இந்த மாற்றம் தெரிவதே இல்லை.

மாஸ்டர் செக்கப்பில் கல் இருப்பது தெரிந்தது. எனக்கு வலியே வந்ததில்லை. எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. 'உள்ளே கல்லை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது' என்கிறார்கள். தொந்தரவு தராத கல் உள்ளவர்களில் ஒரு வருடத்தில் வலி வருவது 100 பேரில் ஓரிருவருக்குத்தான். மற்றவர்கள் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்துவிடுகிறார்கள். ஆபரேஷனிலும் ஆபத்து பூஜ்யம் இல்லை என்பதால், வலி இல்லாதவருக்கு அதைச் செய்வதில் லாபம் குறைவு.

விதிவிலக்குகள் உண்டு. பித்தப்பைச் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருந்தால், உள்சுவரில் 10 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய பாலிப் (சதைத் துணுக்கு) இருந்தால், சிவப்பணுக்கள் சிதையும் பரம்பரை ரத்த நோய் இருந்தால், கல் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் டாக்டர் வேறு மாதிரி யோசிப்பார். ஸ்கேனில் பை சரியாகத் தெரியவில்லை, சுவர் ஓரிடத்தில் மட்டும் தடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாலும் மேற்கொண்டு பார்க்கத்தான் வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும், வலி இல்லாத கல்லுக்கு முன்னெச்சரிக்கையாக ஆபரேஷன் செய்யும் பழக்கம் முன்பு இருந்தது. இப்போது அப்படிச் சொல்வதில்லை.

'கல் இருக்கிறது, எடுங்கள்' என்று மட்டும் ஒருவர் சொன்னால், 'டாக்டர், என் தொந்தரவுக்கு இந்தக் கல்தான் காரணமா?' என்று கேளுங்கள். ஆபரேஷன் வேண்டுமா என்பதை முடிவு செய்யும் கேள்வி அதுதான்.

எனக்கு வருவது கேஸ் வலியா, கல் வலியா?

ஏப்பம், வயிறு உப்புசம், புளித்த உணர்வு ஆகியவற்றுக்குக் கல்லைக் குறை சொல்ல முடியாது. கல் இல்லாதவர்களுக்கும் இவை ஏராளமாக வருகின்றன. இதற்காகப் பையை எடுத்தவர்களில் பலர் ஆறு மாதம் கழித்து அதே ஏப்பத்தோடு திரும்பி வருகிறார்கள்.

கல் வலி வேறு மாதிரி இருக்கும். மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ தொடங்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ போகும். விட்டு விட்டு வராமல், ஏறி அப்படியே நிற்கும். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை இருந்துவிட்டுத் தானாக அடங்கும். கல்யாண வீட்டு விருந்தோ பிரியாணியோ சாப்பிட்ட அன்று ராத்திரி வந்து எழுப்புவது வழக்கம். வாந்தியும் வரலாம்.

ஒரு எச்சரிக்கை. மேல்வயிற்றில் வலியோடு வியர்வை, மூச்சு வாங்குதல், தாடையிலோ இடது கையிலோ வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டிருக்காமல் முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள்.

கல்லைக் கரைக்க மருந்து இல்லையா? வாழைத்தண்டு ஜூஸ் குடித்துப் பார்க்கலாமா?

வாழைத்தண்டு பேச்சு சிறுநீரகக் கல்லுக்கானது. சிறுநீரகக் கல்லும் பித்தப்பைக் கல்லும் வேறு இடம், வேறு பொருள். சிறுநீரகக் கல் சிறுநீரோடு வெளியேற வழி இருக்கிறது. பித்தப்பைக் கல் நகர்ந்தால் பித்தக் குழாயில் போய்ச் சிக்கும். அது நமக்கு நல்லதில்லை. அதே காரணத்தால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கும் முறையும் இதற்கு ஒத்துவரவில்லை.

அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை இருக்கிறது. சுண்ணாம்பு சேராத சின்னக் கொழுப்புக் கற்களை, பை நன்றாகச் சுருங்கி விரியும் சிலருக்கு, மாதக்கணக்கில் சாப்பிட்டால் கரைக்கும். நிறுத்திய ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிடும். பித்தநீரின் நிறப்பொருளால் உண்டாகும் நிறமிக் கற்களை இந்த மாத்திரை தொடுவதே இல்லை. தென்னிந்தியாவில் அந்த வகைக் கற்களையும் நிறையப் பார்க்கிறோம்.

ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் ஜூஸ் குடித்தால் பச்சை நிறக் கற்கள் மலத்தில் வந்து விழும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியம் உங்களுக்கும் வந்திருக்கும். அப்படி விழுந்தவற்றைச் சோதனைக்கூடத்தில் பரிசோதித்த ஆய்வு 2005-ல் வெளியானது. அவை குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து உருண்ட சோப்பு உருண்டைகள். பித்தப்பைக் கல் அங்கேயேதான் இருந்தது.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா?

விட்டுவைத்தால் அதே பையில் மறுபடி கல் உண்டாகும். 1882-ல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை முழுதாக எடுத்த கார்ல் லாங்கன்புக்கின் வாதமும் இதுதான்: பையில் கல் இருக்கிறது என்பதைவிட, பைதான் கல்லை உண்டாக்குகிறது என்பது முக்கியம். அதுவரை பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டுத் தைப்பதே வழக்கமாக இருந்தது.

எப்போது தள்ளிப்போடக் கூடாது?

வலி ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல், காய்ச்சலும் சேர்ந்தால் பை வீங்கிவிட்டது என்று அர்த்தம். கண் மஞ்சளானால், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் கல் பித்தக் குழாயில் இறங்கியிருக்கலாம். நடுக்கத்தோடு குளிர் காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் குழாய்க்குள் கிருமி பரவிவிட்டது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. முதுகு வரை துளைக்கும் வலியும் நிற்காத வாந்தியும் வந்தால் கணையம் வீங்கியிருக்கலாம்.

பை வீங்கியவர்களுக்கு மருந்து கொடுத்து ஆறு வாரம் ஆறவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்வதுதான் பழைய முறை. இப்போது உடம்பு தாங்கும் என்றால் வலி வந்த சில நாட்களுக்குள், அதே அட்மிஷனில் செய்வதையே பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் விரும்புகிறார்கள். கணைய வீக்கம் லேசாக வந்து அடங்கியவர்களுக்கும் வீட்டுக்கு அனுப்பாமல் முடித்துவிடுவது நல்லது. அனுப்பினால் அடுத்த தடவை வீக்கம் லேசாகவே வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

முதலில் வாய்வழியாக எண்டோஸ்கோபி, அப்புறம் ஆபரேஷன் என்கிறார்கள். ஏன் இரண்டு?

கல் பையிலும் குழாயிலும் இருந்தால் இரண்டு வேலை. குழாயில் உள்ளதை ஈ.ஆர்.சி.பி. முறையில் எடுப்பார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு, முன்சிறுகுடலில் பித்தக் குழாய் திறக்கும் வாசலைக் கொஞ்சம் கீறி, கல்லை இழுத்துவிடுவார்கள். பையை லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் போட்டுக் கேமரா உதவியோடு, எடுப்பார்கள். குழாயில் கல் உண்டா என்று சந்தேகம் மட்டும் இருந்தால், எம்.ஆர்.சி.பி. என்ற ஸ்கேன் ஊசியோ குழாயோ இல்லாமல் காட்டிவிடும். ஈ.ஆர்.சி.பி.க்குப் பிறகு சிலருக்குக் கணைய வீக்கம் வருவதுண்டு. அதனால் வெறும் சந்தேகத்துக்காக அதைச் செய்வதில்லை.

ஈ.ஆர்.சி.பி.யின்போது பலருக்குப் பித்தக் குழாய்க்குள் பிளாஸ்டிக் ஸ்டென்ட் (சிறு குழல்) வைப்பார்கள். அது தற்காலிகமானது. சுமார் மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். பை எடுத்தாயிற்று, வலி போயிற்று என்று ஸ்டென்டை மறந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அது அடைத்துக் குளிர் காய்ச்சலோடு வருபவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன் செய்பவர் ஒருவர், ஸ்டென்ட் வைத்தவர் இன்னொருவர் என்பதால் நினைவுபடுத்த ஆள் இல்லாமல் போய்விடுகிறது. ஸ்டென்ட் வைத்தார்களா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதைக் கேட்டு, வீட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.

லேப்ராஸ்கோபியில் உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

முழு மயக்கம் கொடுத்த பிறகு தொப்புள் அருகே ஒரு துளை, மேல்வயிற்றில் ஒன்று, வலது பக்கம் இரண்டு; பெரியவை 10 மி.மீ., சிறியவை 5 மி.மீ. கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைப்பார்கள். கேமரா திரையில் பார்த்தபடி, பைக்குப் போகும் சிறு குழாயையும் ரத்தக் குழாயையும் பிரித்து, கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து உரித்துத் துளை வழியாக வெளியே எடுப்பார்கள். சிக்கல் இல்லையென்றால் ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்பின்.

ஜெர்மனியில் எரிக் மூஹே 1985-ல் இதை முதலில் செய்தபோது அந்த நாட்டு அறுவை மருத்துவர்களே ஏற்கவில்லை. இந்தியாவில் மும்பையில் 1990-ல் டெஹெம்டன் உட்வாடியா தொடங்கிவைத்தார். இன்று நம் ஊர் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். ரோபோ முறையில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். செய்யலாம்; செலவு கூடும். சாதாரணப் பித்தப்பைக்கு அதனால் நோயாளிக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை பெரிதாக நிரூபிக்கப்படவில்லை.

'தேவைப்பட்டால் ஓப்பன் செய்வோம்' என்று கையெழுத்து வாங்குகிறார்கள். பயமாக இருக்கிறது.

எல்லாரிடமும் வாங்குவார்கள். உள்ளே ஒட்டுதல் அதிகமாக இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, குழாய் எது என்று தெளிவாகத் தெரியாவிட்டாலோ விலாவுக்குக் கீழே கீறித் திறப்பார்கள். அப்படி மாற்றினால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைக்கிறார்கள் உறவினர்கள். தெளிவாகத் தெரியாத இடத்தில் கேமராவை மட்டும் நம்பி வெட்டாத மருத்துவர் உங்களுக்கு நல்லதையே செய்திருக்கிறார். தங்கும் நாள் கூடும், வலி கூடும், வேலைக்குப் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். சில சமயம் பையை முழுதாக எடுக்காமல், ஆபத்தான அடிப்பகுதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்து வருவதும் உண்டு. அப்படிச் செய்திருந்தால் டிஸ்சார்ஜ் பேப்பரில் இருக்கும். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள்.

சின்ன ஆபரேஷன்தானே, ஆபத்து ஒன்றும் இல்லையே?

துளை சின்னது. ஆபரேஷன் சின்னது இல்லை. ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, காலில் ரத்தக் கட்டு எல்லாம் எந்த வயிற்று ஆபரேஷனிலும் வரக்கூடியவைதான். இந்த ஆபரேஷனுக்கே உரிய ஆபத்து, பக்கத்தில் ஓடும் முக்கியப் பித்தக் குழாயில் காயம் படுவது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கலாம். அரிதுதான், ஆனால் நடந்துவிட்டால் பெரிய ஆபரேஷனில் போய் முடியலாம். அதனால் வெட்டுவதற்கு முன் பைக்குள் போகும் இரண்டே இரண்டு குழாய்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியும்வரை பிரித்துக் காட்டும் பாதுகாப்பு முறையைப் பின்பற்றுகிறார்கள்.

காயம் பட்டுவிட்டது என்று பின்னால் தெரிந்தால், குழாயைச் சரிசெய்வது கல்லீரல் பித்தக் குழாய் அறுவையில் பழகியவரின் வேலை. அனுப்புகிறோம் என்று சொன்னால் தயங்காமல் போங்கள்.

ஆபரேஷனுக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்துவது?

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், அட்டையோடு, மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். பொதுவாக நடப்பது இதுதான்: பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை பெரும்பாலும் அன்று காலையும் ஒரு வாய் தண்ணீரோடு உண்டு. மெட்ஃபார்மின் அன்று காலை இல்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை அளவு சரியாக இருந்தும் ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இவற்றில் உண்டு. எடை குறைக்க வாரம் ஒரு முறை போடும் செமாகுளூடைடு ஊசியையும் சொல்லுங்கள். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

குளோபிடோகிரெல், வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் தானாக நிறுத்தினால் ஆபரேஷன் மேசைக்குப் போகும் முன்பே மாரடைப்பு வரலாம்.

சித்த மருந்து, லேகியம், மூலிகைப் பொடி சாப்பிடுபவர்கள் அதைச் சொல்வதே இல்லை. திட்டுவார்கள் என்ற பயம். சொல்லிவிடுங்கள். பீடி, சிகரெட்டை ஒரு மாதம் முன்பே விட்டால் நெஞ்சுச் சளியும் காயம் ஆறாத தொந்தரவும் குறையும்.

எத்தனை மணி நேரம் பட்டினி?

இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், எண்ணெயும் இறைச்சியும் சேர்ந்த சாப்பாட்டுக்கு 8 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால். பால் காபியும் டீயும் தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கு. 'ஒரு வாய் காபிதான் குடித்தேன்' என்று தியேட்டர் வாசலில் சொல்லி ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனவர்கள் ஏராளம். அதை மறைத்துவிட்டால்தான் ஆபத்து. மயக்கத்தில் அந்தக் காபி நுரையீரலுக்குள் போகும்.

ஆபரேஷன் வயிற்றில். தோள்பட்டை ஏன் இப்படி வலிக்கிறது?

உப்பவைக்கச் செலுத்திய வாயுவில் மிச்சம் இருப்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். எழுந்து நடந்தால் சீக்கிரம் போகும். தொண்டைக் கரகரப்பு மூச்சுக் குழாய் வைத்ததால் வருவது. அதுவும் ஓரிரு நாள்தான்.

அன்று மாலையே கையைப் பிடித்துக் கட்டிலை விட்டு இறக்கிவிடுவார்கள். 'இன்றுதான் அறுத்தார்கள், அதற்குள் நடக்கச் சொல்கிறார்களே' என்று உறவினர் சண்டைக்கு வருவதும் உண்டு. படுத்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி சேரும், குடல் அசையாது. மூன்று பந்துள்ள ஊதுகருவி கொடுத்தால் அதில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஊதுகிறார்கள் பலர். பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்குப் போகலாம்.

என்ன சாப்பிடலாம்? முட்டை, பருப்பு சாப்பிட்டால் தையலில் சீழ் பிடிக்குமா?

இதற்குத்தான் வீட்டில் அதிகம் சண்டை நடக்கிறது. டாக்டர் 'எல்லாம் சாப்பிடலாம்' என்பார். மாமியார் ரசம் சாதத்தைத் தாண்டி எதையும் தர மாட்டார். ஆபரேஷன் முடிந்து சில மணி நேரத்தில் தண்ணீர், இளநீர், அப்புறம் கஞ்சி. வாந்தி இல்லையென்றால் அன்று இரவோ மறுநாளோ இட்லி, இடியாப்பம், தயிர் சாதம். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சீழுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. சீழ் கிருமியால் வருகிறது. பருப்பு, முட்டை, மீன், கத்திரிக்காய் இவற்றால் தையல் பிரியாது. காயம் ஆறப் புரதம் வேண்டும். பத்தியம் என்று மூன்று வாரம் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, காயம் ஆறுவது தாமதமாகி உடம்பும் தேய்ந்துபோகிறது. பாசிப்பருப்பு, வேகவைத்த முட்டை, குழம்பில் போட்ட மீன் எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே தரலாம். அலர்ஜி ஏற்கெனவே இருக்கும் பொருளை மட்டும் தவிர்த்தால் போதும்.

குறைக்க வேண்டியது கொழுப்பை. அதுவும் முதல் சில வாரங்களுக்கு மட்டும். பூரி, வடை, பஜ்ஜி, பரோட்டா சால்னா, தேங்காய்ப்பால் அதிகம் போட்ட குருமா, நெய் ஒழுகும் இனிப்பு ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் தாராளமாகப் போடலாம். எண்ணெயே இல்லாமல் சமைக்கத் தேவையில்லை. நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரு மாதம் கழித்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் பிரியாணியும் உண்டு. ஆயுள் முழுக்கப் பத்தியம் என்று ஒன்று கிடையாது.

வலி மாத்திரையில் ட்ரமடால் இருந்தால் மலச்சிக்கல் வரும். தண்ணீரும் பப்பாளியும் போதாவிட்டால் டாக்டரிடம் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் தனியாக ஊசியோ மாத்திரையோ வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பிட்டதும் பாத்ரூம் ஓட வேண்டியிருக்கிறது. ஏன்?

பித்தநீர் தொடர்ந்து இறங்குவதால் சிலருக்குப் பெருங்குடல் தூண்டப்பட்டு வயிற்றுப்போக்கு வருகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். காபியையும் எண்ணெயையும் குறைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் நீடித்தால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பித்த உப்பைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமின் மாதிரி மருந்துகள் உண்டு. மலத்தில் ரத்தம், எடை குறைவு இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம், சோதிக்க வேண்டும்.

எப்போது குளிக்கலாம், வண்டி ஓட்டலாம், வேலைக்குப் போகலாம்?

சாதாரணமாக இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம்; காயத்தைத் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். குளம், கிணறு, கடல் குளியல் எல்லாம் காயம் முழுதாக மூடிய பிறகு. மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

மாடிப்படி முதல் நாளிலிருந்தே ஏறலாம். தரையில் உட்கார்வதும், இந்திய முறைக் கழிப்பறையும் வலி பொறுக்க முடிந்தால் தப்பில்லை. எழும்போது ஒரு கையால் சுவரைப் பிடியுங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் போகலாம். பைக் ஓட்ட, சட்டென்று பிரேக் போடும்போது வயிறு வலிக்காத நிலை வர வேண்டும். நம் ஊர் வேகத்தடைகளையும் கணக்கில் சேர்த்தால் இரண்டு வாரம் பொறுப்பது நல்லது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், மூட்டை, மூன்று வயதுக் குழந்தை ஆகியவற்றைத் தூக்க நான்கு வாரமாவது போகட்டும். தொப்புள் துளையில் குடலிறக்கம் வர இந்த அவசரமும் ஒரு காரணமாகலாம். சுமை தூக்குபவர்களும் வயல் வேலை செய்பவர்களும் ஆறு வாரத்துக்குச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணவன் மனைவி உறவுக்குத் தனித் தடை இல்லை; வலி இல்லாதபோது சரி.

வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

சரியாகப் போகும் ஆபரேஷனில் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட நன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் நன்றாக இருந்தவர் ஐந்தாம் நாள் மோசமானால் அதுவே போதும், காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பித்தநீர்க் கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தில் இப்படித்தான் தெரியவரும்: கூடும் வயிற்று வலி, உப்புசம், காய்ச்சல், சாப்பிட மனமில்லாமை. காயத்திலிருந்தோ, வயிற்றில் வடிகுழாய் வைத்திருந்தால் அதிலிருந்தோ மஞ்சள் பச்சைத் திரவம் வந்தால் உடனே சொல்லுங்கள். நிற்காத வாந்தி, கருமலம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென மூச்சு வாங்குவது எல்லாம் ராத்திரி இரண்டு மணியானாலும் போக வேண்டியவை. மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கண் மஞ்சளாவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி கொடுத்து மந்திரிப்பது நம் ஊர் வழக்கம். பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மஞ்சள், குழாயில் கல் தங்கியிருப்பதாலோ குழாயில் காயம் பட்டதாலோ வரக்கூடியது. அடைப்பைக் கீழாநெல்லி திறக்காது. பத்து நாள் மருந்து குடித்துவிட்டு வருவதற்குள் குழாயில் கிருமி பரவிவிடுகிறது. வாரங்களோ வருடங்களோ கழித்து மஞ்சள் வந்தாலும் இதே விதிதான். பை போன பிறகும் குழாயில் கல் இருக்க முடியும்.

கல்லைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பையை என்ன செய்தார்கள்?

பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பியிருப்பார்கள், அனுப்பினார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தையல் பிரிக்கப் போகும்போது அதையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் கல் என்று எடுத்த பையில், ஆயிரத்தில் சிலருக்குப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருப்பது நுண்ணோக்கியில்தான் தெரிகிறது. சீக்கிரம் தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது. கல்லை அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். இந்தத் தாளைப் பலர் வாங்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

காப்பீட்டில் வருமா?

அரசு மருத்துவமனையில் இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்தச் சிகிச்சை எந்த ஆஸ்பத்திரியில் என்பதை அங்குள்ள காப்பீட்டு கவுன்டரில் அட்மிஷனுக்கு முன் கேட்டுவிடுங்கள். தனியார் பாலிசியில் பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் இருப்பது சகஜம். பாலிசி எடுத்த தேதியைப் பாருங்கள்.

மனைவிக்கு ஐந்தாம் மாதம். கல் வலி அடிக்கடி வருகிறது. பிரசவம் வரை தள்ளலாமா?

வலி திரும்பத் திரும்ப வந்தால் தள்ளுவதுதான் ஆபத்தாக முடியும். நான்கு முதல் ஆறாம் மாதம் வரை ஆபரேஷனுக்கு வசதியான காலம். லேப்ராஸ்கோபியிலேயே செய்யலாம். மகப்பேறு மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும்.

உள்ளே போட்ட கிளிப்பை எப்போது எடுப்பார்கள்? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

எடுப்பதில்லை, அங்கேயே இருக்கும். பெரும்பாலும் டைட்டானியம், எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையில்லை. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஆபரேஷன் விவரத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.